தவறாக அடித்த கட்டளைகள் சொல்லித்தந்தவை

கணினித் துறையில் என் வேலைக்காலத்தின் பெரும்பகுதி, எழுத்துகள் மட்டுமே ஓடும் டெர்மினல் திரையின் முன்னால் கழிந்திருக்கிறது. பட்டன் கிடையாது, படம் கிடையாது. பயனர் ஒரு கட்டளையை அடிப்பார்; கருவி வேலையைச் செய்யும், இல்லையென்றால் முடியவில்லை என்று சொல்லும். அப்படிப்பட்ட கருவிகளை எழுதுவதும், பிறர் எழுதிவைத்தவற்றைச் செப்பனிடுவதும் என் தொழில். செல்பேசிச் செயலிகளுக்குக் கிடைக்கும் கவனம் இவற்றுக்குக் கிடைப்பதில்லை. ஆனால் நள்ளிரவில் ஒரு சர்வர் படுத்துவிட்டால், அதை எழுப்பப் போகிறவர் நம்பியிருப்பது இப்படியொரு கருவியைத்தான். தூக்கக் கலக்கத்திலும் பதற்றத்திலும் இருக்கும் அவரை அது மேலும் குழப்பக் கூடாது. அதற்கு என்ன செய்ய வேண்டும் என்பதைத்தான் இத்தனை ஆண்டுகளாகக் கற்றுவருகிறேன்.

கற்றதில் தலையானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒருவர் ஒரு கட்டளையைத் தவறாக அடித்தால் அது அவருடைய கவனக்குறைவாக இருக்கலாம். பத்துப் பேர் அதே கட்டளையை அதே மாதிரித் தவறாக அடித்தால், திருத்த வேண்டியது கருவியை.

சென்னையில் நான் பணிபுரிந்த ஒரு நிறுவனத்தில், வாடிக்கையாளர்களின் டேட்டாபேஸ்களுக்கு அன்றாடம் பேக்கப் எடுத்து, தேவைப்படும்போது மீட்டுத்தரும் கருவி ஒன்று என் பொறுப்புக்கு வந்தது. அதை எழுதியவர்கள் கெட்டிக்காரர்கள். கருவி வேகமாக ஓடும், எடுத்த பேக்கப்பைக் கெடுத்ததில்லை. ஆனாலும் அதை அன்றாடம் கையாண்ட இரவு ஷிப்ட் சப்போர்ட் குழுவினர் அதைத் தொடவே தயங்கினார்கள். பெரும்பாலும் பி.சி.ஏ., பி.எஸ்சி. முடித்து வேலைக்கு வந்திருந்த இளைஞர்கள். ஒவ்வொருவர் மானிட்டரின் ஓரத்திலும் கட்டளைகளை எழுதிய மஞ்சள் சீட்டுகள் ஒட்டியிருந்தன. கருவிக்குள்ளேயே உதவிப் பக்கம் உண்டு. ஆனால் அதில் அகர வரிசையில் எல்லா ஆப்ஷன்களும் கொட்டிக் கிடந்தனவே தவிர, ஒரு மாதிரிக் கட்டளைகூட இல்லை. சீட்டில் மாதிரிக் கட்டளை இருந்தது. அதனால் எல்லோரும் சீட்டையே நம்பினார்கள்.

பயிற்சி வகுப்பு நடத்தினால் சரியாகிவிடும் என்பது மேலிடத்தின் யோசனை. அதற்கு முன்னால் அவர்கள் வேலை செய்வதைக் கொஞ்சம் பார்க்கிறேன் என்று அனுமதி கேட்டேன். பின்னால் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து, எதுவும் சொல்லாமல் பார்ப்பது. கருவியை அறிந்தவனுக்கு இதைவிடக் கடினமான வேலை கிடையாது. எதிரில் இருப்பவர் தடுமாறும்போது "அந்த ஆப்ஷனைப் போடுங்க" என்று வாய்வரை வந்துவிடும். சொல்லிவிட்டால் அவர் அடுத்து என்ன அடித்திருப்பார் என்பது தெரியாமலே போய்விடும். தெரிந்துகொள்ள வேண்டியதே அதுதான்.

அப்படி உட்கார்ந்திருந்த ஓர் இரவில், குழுவில் புதிதாகச் சேர்ந்த பெண் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "அண்ணா, நான் தப்பா அடிச்சா இது ஒரே ஒரு வரி சொல்லிட்டு நின்னுடுது. எங்க தப்புன்னு சொன்னா நானே திருத்திக்குவேன்ல?" ஒரு கருவியிடம் ஒரு மனுஷி வைக்கக்கூடிய மிக நியாயமான கோரிக்கை இது.

அதன்பின் குழுவினரின் சம்மதத்தோடு, கருவி ஏற்காமல் தள்ளிய கட்டளைகளை மட்டும் ஒரு கோப்பில் சேகரித்தோம். வாடிக்கையாளர் பெயர்களும் கடவுச்சொற்களும் அதில் பதியாதபடி பார்த்துக்கொண்டோம். அந்தக் கோப்பைப் படித்தபோது ஒன்று தெளிவாகத் தெரிந்தது. யாரும் மனம்போன போக்கில் அடிக்கவில்லை. ஒவ்வொரு தவறான கட்டளைக்குப் பின்னாலும் ஒரு நியாயமான ஊகம் இருந்தது. பேக்கப்புகளின் பட்டியலைப் பார்க்க 'லிஸ்ட்' என்று அடித்தார்கள். கருவி எதிர்பார்த்ததோ 'ஷோ-ஆல்'. உதவி வேண்டுமென்றால் சிலர் 'ஹெல்ப்' என்றார்கள், சிலர் முன்னால் இரண்டு கோடு போட்டார்கள், சிலர் ஒரு கேள்விக்குறியை மட்டும் அடித்தார்கள். கருவி இவற்றில் ஒன்றை மட்டுமே ஏற்றது. டேட்டாபேஸ் பெயரை முதலில் எழுதிவிட்டு ஆப்ஷன்களைப் பின்னால் எழுதினார்கள். கருவிக்கு ஆப்ஷன்கள் முதலில் வர வேண்டும். இவையெல்லாம் அவர்கள் கிட், டாக்கர் போன்ற பிற கருவிகளில் பழகிய வழக்கங்கள். ஒருவர் நம் கருவிக்கு வரும்போது வெறும் மனதோடு வருவதில்லை. மற்ற கருவிகள் கற்றுக்கொடுத்ததையும் கொண்டுவருகிறார். அந்த அறிவை மதித்து இடம் கொடுத்தால் அவர் புதிதாகப் படிக்க வேண்டியது குறைகிறது. தவறான கட்டளைகளின் பட்டியல் எனக்கு வடிவமைப்பு ஆவணமாக ஆனது. 'லிஸ்ட்' ஏற்கப்பட்டது. உதவி கேட்கும் எல்லா வழிகளும் உதவிக்கே கொண்டுபோயின. ஆப்ஷன் எங்கே வந்தாலும் கருவி புரிந்துகொண்டது.

உலகம் முழுக்கப் புழங்கும் கருவிகளும் இந்தப் பாடத்தைப் படித்திருக்கின்றன, சில நேரம் மிகத் தாமதமாக. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் டெர்மினல் கருவியிலிருந்து வெளியே வர, பின்சாய்வுக் கோடும் 'க்யூ' எழுத்தும் அடிக்க வேண்டியிருந்தது. புதியவர்கள் 'எக்ஸிட்', 'க்விட்' என்று அடித்துப் பார்த்துவிட்டு உள்ளேயே சிக்கிக்கொண்டார்கள். 2018-இல் வந்த 11-ஆம் பதிப்பில்தான் அந்தச் சொற்கள் வேலை செய்யத் தொடங்கின. பைத்தான் மொழியில் முன்பு 'எக்ஸிட்' என்று அடித்தால், அடைப்புக்குறியும் சேர்த்து அடித்தால் வெளியேறலாம் என்று அறிவுரைதான் வந்தது. பயனர் என்ன கேட்கிறார் என்பது தெரிந்தே அதைச் செய்யாமல் இலக்கணம் சொல்லிக்கொடுத்தது அந்தக் கருவி. 2024 அக்டோபரில் வெளியான 3.13 பதிப்பில், 'எக்ஸிட்' என்றால் பைத்தான் அப்படியே வெளியேறுகிறது. எத்தனையோ லட்சம் பேர் பல்லாண்டுகளாக அடித்த ஒரு சொல்லுக்குக் கடைசியில் நியாயம் கிடைத்தது.

பயனர் ஊகிப்பதற்கு இடம்கொடுப்பது வேறு, கருவியே ஊகித்துச் செயல்படுவது வேறு. நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் கருவியில் 'கமிட்' என்ற கட்டளையை ஓர் எழுத்து விட்டு அடித்தால், அப்படியொரு கட்டளை இல்லை, இதற்கு நெருக்கமானது 'கமிட்' என்று சொல்லும். ஒரு சொல்லை இன்னொன்றாக மாற்ற எத்தனை எழுத்தைச் சேர்க்க, நீக்க, மாற்ற வேண்டும் என்று எண்ணிப் பார்க்கும் கணக்கு இதற்கு அடிப்படை. ரஷ்யக் கணிதவியலாளர் விளாதிமிர் லெவன்ஷ்டைன் 1965-இல் வகுத்தது. தானாகவே திருத்திச் செயல்படவும் கிட்டுக்குத் தெரியும். ஆனால் பயனர் அப்படி அமைத்துவைத்தால்தான் செய்யும். இந்த அடக்கம் எனக்கு மிகவும் பிடிக்கும். எங்கள் கருவியிலும் இதே முறையைக் கொண்டுவந்தோம். பெயரில் எழுத்துப் பிழை இருந்தால் நெருங்கிய பெயரைக் காட்டும். ஒருபோதும் தானாக எடுத்துக்கொள்ளாது. இரண்டு வாடிக்கையாளர்களின் டேட்டாபேஸ் பெயர்கள் ஓர் எழுத்தில் மட்டும் வேறுபடலாம். அங்கே கருவியின் கெட்டிக்காரத்தனம் ஒருவருடைய தரவை அழித்துவிடும்.

தேதி விஷயத்தில் இது இன்னும் கூர்மையாகத் தெரிந்தது. நம் ஊரில் நாள், மாதம், ஆண்டு என்று எழுதுவோம். அமெரிக்க வாடிக்கையாளரோடு வேலை செய்கிறவர்கள் மாதத்தை முன்னால் எழுதிப் பழகியிருப்பார்கள். 03-04-2021 என்று ஒருவர் அடித்தால் அது ஏப்ரல் 3-ஆ, மார்ச் 4-ஆ? பழைய கருவி, ஆண்டு முதலில் வர வேண்டும் என்ற விதியைச் சொல்லாமலேயே மறுத்தது. அதைத் தளர்த்தி, வருகிற எதையும் ஏதோ ஒரு விதமாக ஏற்றுக்கொள்ளலாம் என்று ஒரு யோசனை வந்தது. நான் ஒப்பவில்லை. 25-04-2021 என்றால் ஒரே பொருள்தான், ஏற்கலாம். இரண்டு பொருள் வரும் தேதி என்றால் கருவி நின்று, மாதத்தின் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும் என்று முடிவெடுத்தோம். ஐயமில்லாத இடத்தில் தாராளம், ஐயமுள்ள இடத்தில் கேள்வி. இந்த ஒரு விதியை வைத்துக்கொண்டு எத்தனையோ வாக்குவாதங்களைத் தீர்த்திருக்கிறேன்.

நேரமும் அப்படித்தான். சர்வர்கள் கிரீன்விச்சை ஒட்டிய பொது நேரத்தில் ஓடும். நாம் அதற்கு ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம். 5-ஆம் தேதி அதிகாலை 1 மணிக்கு எடுத்த பேக்கப், பட்டியலில் 4-ஆம் தேதி 19:30 என்று நிற்கும். "நேத்து ராத்திரி எடுத்தது" என்று ஒருவர் தேடும்போது எதை எடுப்பார்? மனிதர் பார்க்கும் பட்டியலில் இந்திய நேரத்தையும், பக்கத்திலேயே அது எந்த நேரம் என்ற குறிப்பையும், "6 மணி நேரத்துக்கு முன்" என்ற கணக்கையும் சேர்த்துக் காட்டினோம். தானாக ஓடும் ஸ்கிரிப்டுகள் படிக்கும் வடிவத்தில் பொது நேரத்தையே வைத்துக்கொண்டோம். தேதி மாற்றி எடுத்துவிட்டதாக வரும் புகார்கள் அதோடு அநேகமாக நின்றன.

பிழைச் செய்திக்கு வருகிறேன். இந்தத் தொழிலில் நான் மிக அதிகமாகத் திருத்தி எழுதியது இவற்றைத்தான். "பிழை 17, தவறான உள்ளீடு" என்று பழைய கருவி சொல்லும். எந்த உள்ளீடு, ஏன் தவறு, இனி என்ன செய்வது? மூன்றுக்கும் பதில் கிடையாது. பேருந்தில் ஏறிய ஒருவரிடம் "இது போகாது" என்று மட்டும் சொல்லி இறக்கிவிடும் நடத்துனரும் இருக்கிறார். "இது அங்க போகாதும்மா, பின்னாடி வர்ற வண்டியில ஏறி கிண்டியில இறங்குங்க" என்கிறவரும் இருக்கிறார். இருவருக்கும் ஒரே தகவல் தெரியும். என் கருவி இரண்டாமவரைப் போலப் பேச வேண்டும். புதிய செய்தி இப்படி அமைந்தது: முதல் வரியில், பயனர் கொடுத்த பெயரையே மேற்கோளில் காட்டி, அந்தப் பெயரில் டேட்டாபேஸ் இந்தச் சர்வரில் இல்லை என்ற செய்தி. இரண்டாவது வரியில், அதற்கு நெருக்கமாக இருக்கும் பெயர். மூன்றாவது வரியில், எல்லாப் பெயர்களையும் பார்ப்பதற்கான கட்டளை, அப்படியே நகலெடுத்து ஒட்டக்கூடிய முழு வடிவில். எண் 17 கடைசியில் ஒரு மூலையில் இருக்கும். தொலைபேசியில் என்னிடம் சொல்வதற்கு அது உதவும்.

நிரலாக்க மொழிகளின் உலகில் இந்த அக்கறை ஓர் இயக்கமாகவே வளர்ந்தது. எல்ம் மொழியை உருவாக்கிய எவன் சாப்லிக்கி, 2015-இல் தன் கம்பைலரின் பிழைச் செய்திகளை ஒரு மனிதர் அருகிலிருந்து விளக்குவதுபோல மாற்றி எழுதினார். அடுத்த ஆண்டே ரஸ்ட் மொழியும் தன் பிழைச் செய்திகளைப் புதிய வடிவில் கொண்டுவந்தது; எந்த வரியில், எந்த எழுத்தின் கீழ் சிக்கல் என்பதைக் கோடிட்டுக் காட்டி, திருத்தத்தையும் பரிந்துரைக்கிறது. கடினமான மொழி என்று பெயரெடுத்த ரஸ்ட்டைப் பலர் தைரியமாகப் படிக்க முன்வந்ததில் அந்தச் செய்திகளுக்குப் பெரும் பங்கு உண்டு என்பது என் உறுதியான எண்ணம்.

கருவி எப்போது பேச வேண்டும், எப்போது மௌனமாக இருக்க வேண்டும் என்பது அடுத்த கேள்வி. வேலை நல்லபடியாக முடிந்தால் ஒன்றும் சொல்லாதே என்பது யுனிக்ஸ் இயங்குதளத்தின் மரபு. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் 1969-இல் கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிச்சியும் யுனிக்ஸைத் தொடங்கிய காலத்தில், பயனருக்கு முன்னால் இருந்தது திரை அல்ல, காகிதச் சுருளில் அச்சடிக்கும் டெலிடைப் எந்திரம். அவர்கள் காலத்து மாடல் 33, விநாடிக்கு 10 எழுத்துகள்தான் அச்சடிக்கும். அறுபது எழுத்துள்ள ஒரு வரிக்கு ஆறு விநாடி. அங்கே வாயாடும் கருவியை யாரும் சகித்துக்கொள்ள மாட்டார்கள். கட்டளைப் பெயர்கள் இரண்டே எழுத்தில் சுருங்கியதற்கும் இதை ஒரு காரணமாகச் சொல்வார்கள். 1973-இல் அதே ஆய்வகத்தின் டக் மெக்கில்ராயின் வற்புறுத்தலால் பைப் வந்தது. ஒரு கருவியின் வெளியீடு நேராக இன்னொன்றின் உள்ளீடாகப் போகும் ஏற்பாடு அது. நடுவில் தேவையில்லாத பேச்சு கலந்தால் அடுத்த கருவி குழம்பும். மௌனத்துக்கு இது இரண்டாவது காரணம்.

பிழைச் செய்திக்கென்று தனி வாய்க்கால் பிறந்த கதையும் அந்த ஆய்வகத்தில் நடந்ததுதான். 1970களில் அங்கே ஆவணங்களை ஒளியச்சுக் கோக்கும் எந்திரத்துக்கு அனுப்புவார்கள். அச்சுத் தாளைக் கழுவி எடுத்துப் பார்த்தால், ஆவணத்துக்குப் பதிலாக, கோப்பைத் திறக்க முடியவில்லை என்ற ஒரே வரி அழகாக அச்சாகியிருக்கும். பிழைச் செய்தியும் வெளியீடும் ஒரே வழியாகப் போனதால் வந்த வினை. அதன்பிறகே இரண்டும் பிரிக்கப்பட்டன. இன்று எந்தக் கருவி எழுதினாலும், முடிவு ஒரு வழியிலும் பிழையும் முன்னேற்றச் செய்தியும் மறு வழியிலும் போக வேண்டும் என்று வலியுறுத்துகிறேன். அந்தப் பிரிவினை இருந்தால்தான் மனிதருக்கும் ஸ்கிரிப்டுக்கும் ஒரே நேரத்தில் நல்லவராக இருக்க முடியும்.

டெலிடைப் போய்விட்டது, முதல் காரணம் அதோடு செத்துவிட்டது. இரண்டாவது காரணம் இன்னும் உயிரோடு இருக்கிறது. ஆகவே, தன் வெளியீடு போவது திரைக்கா, இன்னொரு கருவிக்கா என்று கருவி முதலில் பார்க்க வேண்டும். இதைத் தெரிந்துகொள்ள இயங்குதளமே வழி தருகிறது. கோப்புகளைப் பட்டியலிடும் 'எல்எஸ்' கட்டளை திரையில் பல பத்திகளாக அடுக்கிக் காட்டும். பைப்பில் போனால் வரிக்கு ஒரு பெயர் தரும். இணையத்திலிருந்து கோப்பு இறக்கும் 'கர்ல்', 2017 முதல், படிக்க முடியாத பைனரித் தரவைத் திரையில் கொட்ட மறுத்து எச்சரிக்கிறது; கோப்புக்கோ பைப்புக்கோ என்றால் தாராளமாக அனுப்புகிறது. எங்கள் கருவியும் அப்படி மாறியது. திரை என்றால் நிறம், முன்னேற்றக் கோடு, முடிவில் என்ன செய்யப்பட்டது என்று ஒரு வரி. பைப் என்றால் தரவு மட்டும். பெரிய டேட்டாபேஸை மீட்க அரை மணி நேரம் ஆகும். முன்பெல்லாம் அந்த அரை மணி நேரமும் திரை அசையாமல் நிற்கும். தொங்கிவிட்டது என்று நினைத்துப் பாதியில் நிறுத்தியவர்கள் உண்டு. பத்து விநாடிக்குமேல் பதிலில்லை என்றால் மனிதக் கவனம் கலைந்துவிடும் என்பது பயன்பாட்டியல் அறிஞர் ஜேகப் நீல்சன் சொல்லும் கணக்கு. எவ்வளவு முடிந்தது, இன்னும் எவ்வளவு என்று காட்டத் தொடங்கியதும் யாரும் நடுவில் நிறுத்தவில்லை.

அழிக்கும் கட்டளைகள் தனிக் கவனம் கேட்பவை. ஒவ்வொன்றுக்கும் "நிச்சயமா?" என்று கேட்டால் பாதுகாப்பு வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். கொஞ்ச நாளில் விரல், கேள்வியைப் படிக்காமலேயே 'ஒய்' அடிக்கப் பழகிவிடும். கோப்பை நீக்கும் 'ஆர்எம்' கட்டளையின் ஜிஎன்யூ வடிவத்தில் சிறிய 'ஐ' போட்டால் ஒவ்வொரு கோப்புக்கும் கேட்கும். பெரிய 'ஐ' போட்டால், மூன்று கோப்புக்குமேல் நீக்கும்போது ஒரே முறை கேட்கும். இரண்டாவதுதான் மனித இயல்பை அறிந்தது. இயங்குதளத்தின் வேர்க் கோப்புறையையே அழிக்கச் சொன்னால், 2006 முதல் அது இயல்பாகவே மறுக்கிறது. எங்கள் கருவியில், ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸின்மேல் பழைய பேக்கப்பை எழுதும் கட்டளைக்கு மட்டும் தடை வைத்தோம். முதலில் என்ன நடக்கப்போகிறது என்று காட்டும்: எந்தச் சர்வர், எந்த டேட்டாபேஸ், எந்த நேரத்துப் பேக்கப், எவ்வளவு புதிய தரவு போய்விடும். பிறகு டேட்டாபேஸின் பெயரை முழுதாக அடிக்கச் சொல்லும். பெயரை அடிக்கும் விரல்கள் கண்ணையும் கூடவே இழுத்துவரும். ஆபத்தில்லாத மற்ற கட்டளைகளில் இருந்த கேள்விகளையெல்லாம் எடுத்துவிட்டோம். கேள்வி அரிதாக வந்தால்தான் அதற்கு மதிப்பு.

பெயர்களிலும் ஆப்ஷன் எழுத்துகளிலும் ஒழுங்கு வேண்டும். உளவியலாளர் டொனால்டு நார்மன் 1981-இல் டேட்டாமேஷன் இதழில் யுனிக்ஸைப் பற்றி எழுதிய விமர்சனம், உட்புற வடிவமைப்பின் நேர்த்தியை ஏற்றுக்கொண்டே, சாதாரணப் பயனரை அது நடத்தும் விதத்தைக் கடுமையாகச் சாடியது. ஒழுங்கில்லாத பெயர்களும் பதில் சொல்லாத மௌனமும் அவருடைய முக்கியக் குற்றச்சாட்டுகள். இன்றும் பாருங்கள்: 'எஃப்' என்ற எழுத்து ஆர்எம்மில் கட்டாயமாகச் செய் என்று பொருள்படும், கோப்புகளை ஒன்றாகக் கட்டும் டாரில் கோப்பின் பெயர், கோப்பின் கடைசி வரிகளைக் காட்டும் டெயிலில் தொடர்ந்து கவனி. தொலைவிலுள்ள கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச்சில் போர்ட் எண்ணுக்குச் சிறிய 'பி', அதன் உடன்பிறப்பான எஸ்சிபியில் பெரிய 'பி'. இவற்றை இனி மாற்ற முடியாது. ஆனால் புதிதாக எழுதும் நாம் அந்தக் குழப்பத்தில் இன்னொன்றைச் சேர்க்காமல் இருக்கலாம். எங்கள் கருவியில் 'எஃப்' வெளியீட்டின் ஃபார்மட்டைக் குறித்தது. கட்டாயப்படுத்தும் ஆப்ஷன் என்று நினைத்தே எல்லோரும் அதை அடித்தார்கள். இனி அந்த எழுத்துக்குப் பொருளே வேண்டாம் என்று தீர்மானித்து, முழுச் சொல்லாக எழுதும் நீண்ட ஆப்ஷனை மட்டும் வைத்துக்கொண்டோம்.

ஒன்றை மாற்றும்போது, பழைய நடத்தையை நம்பியிருப்பவர்களை நினைக்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் இரவில் தானாக ஓடும் ஸ்கிரிப்டுகள் கருவியின் ஒவ்வொரு சொல்லையும் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கும். கிட் இதைக் கையாண்ட விதம் பாடப் புத்தகத்தில் வைக்கத் தகுந்தது. 'செக்அவுட்' என்ற ஒரே கட்டளை கிளை மாறவும், கோப்பில் செய்த மாற்றத்தைத் தூக்கியெறியவும் பயன்பட்டது. புதியவர்கள் கிளை மாறப் போய் வேலையை இழந்தார்கள். 2019 ஆகஸ்டில் வந்த 2.23 பதிப்பு 'ஸ்விட்ச்', 'ரீஸ்டோர்' என்று இரண்டு தனிக் கட்டளைகளைத் தந்தது. பழையதையும் எடுக்கவில்லை. 'புஷ்' கட்டளையின் இயல்பு நடத்தையை 2014-இல் 2.0 பதிப்பில் பாதுகாப்பானதாக மாற்றியபோது, மாற்றம் வரப்போகிறது என்ற எச்சரிக்கையை முந்தைய பதிப்புகளிலேயே காட்டிவந்தார்கள். டெபியன் லினக்ஸில் 2014-இல் அறிமுகமான, மென்பொருள் நிறுவும் 'ஆப்ட்' வேறொரு நல்ல வழியைக் காட்டியது. மனிதர்களுக்கு முன்னேற்றக் கோடும் நிறமும் கொண்ட புதிய கட்டளை. ஸ்கிரிப்டுகளுக்கு மாறாத பழைய 'ஆப்ட்-கெட்'. புதியதை ஸ்கிரிப்டில் போட்டால், இதன் வெளியீடு மாறக்கூடும் என்று எச்சரிக்கிறது. நாங்களும் பழைய பெயர்களையெல்லாம் உயிரோடு வைத்தோம். அடித்தால் வேலை நடக்கும். கூடவே பிழை வாய்க்காலில் புதிய பெயரைச் சொல்லும் ஒரு வரி வரும்.

தமிழில் கோப்புப் பெயர் வைத்திருந்த ஒரு வாடிக்கையாளரால் எனக்கு இன்னொரு பாடம் கிடைத்தது. எங்கள் பட்டியலில் அவர்களுடைய வரிகள் மட்டும் பத்தி கலைந்து நின்றன. 'தமிழ்' என்ற சொல்லைப் படிக்கும் நமக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் அது ஐந்து குறியீடு. யூடிஎஃப்-8-இல் பதினைந்து பைட். திரையில் அது எடுக்கும் அகலம் இவற்றில் எதனோடும் பொருந்த வேண்டியதில்லை. டெர்மினலுக்கு டெர்மினல் வேறுபடவும் செய்கிறது. பழைய நிரல் பைட்டை எண்ணி இடைவெளி விட்டது. பெயர் நீளமானால் பைட்டை எண்ணியே வெட்டியது. வெட்டு ஓர் எழுத்தின் நடுவில் விழுந்தால் கடைசியில் ஒரு கேள்விக்குறிப் பெட்டி நிற்கும். அகலத்தைச் சரியாகக் கணக்கிட எல்லா டெர்மினலுக்கும் பொதுவான வழி அமையவில்லை. ஆகவே பெயரைக் கடைசிப் பத்திக்குக் கொண்டுபோனோம். அளவும் நேரமும் முன்னால் நேராக நிற்க, பெயர் எவ்வளவு நீண்டாலும் எதையும் தள்ளாது. வெட்டுவதையும் நிறுத்தினோம். தன் ஊழியர் தன் மொழியில் வைத்த பெயர் சிதையாமல் தெரிவதை அந்த வாடிக்கையாளர் நன்றியோடு குறிப்பிட்டார். தமிழில் கோப்பு வைக்கும் ஒருவரும் முழு உரிமையுள்ள பயனர்தான். சோதனைத் தரவில் ஒரு தமிழ்ப் பெயரையாவது சேர்க்காமல் எந்தக் கருவியையும் நான் வெளியிடுவதில்லை.

இந்த மாற்றங்களில் எதுவும் பெரிய ஆராய்ச்சியல்ல. பெரும்பாலானவை சில வரி நிரல். அவற்றைக் கண்டுபிடிக்கத் தேவைப்பட்டது, பயனரின் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும் பொறுமை மட்டும். பயிற்சி வகுப்பு கடைசிவரை தேவைப்படவில்லை.

இளம் நிரலர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் கருவியை ஒருவர் தவறாகப் பயன்படுத்துவதைக் கண்டால், கையேட்டைப் படிக்கச் சொல்லி அனுப்பாதீர்கள். "இது நடக்கும்னு எதை வெச்சு நினைச்சீங்க?" என்று மரியாதையோடு கேளுங்கள். அவர் சொல்லும் பதிலை அப்படியே எழுதிவையுங்கள். உங்கள் அடுத்த பதிப்பில் செய்ய வேண்டிய வேலை அதில் இருக்கிறது.